கிளுவை வேலியில் ஒரு சந்து

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்துச் சொல்வதை நம்பமாட்டீர்கள். எருத்தேன்பதிக்குக் கிழக்கே எங்கள் பக்கத்தில், சுண்ணாம்புப் பாறையில் கிணறு வெட்டினால் தண்ணீர் வராது, கடப்பாரைதான் தேயும் என்றார்கள். வெட்டித் தண்ணீர் பார்த்தேன். அந்தத் தண்ணீருக்குத் தென்னை நிற்காது என்றார்கள். இன்று உச்சிவெயிலில் என் தோப்புக்குள் போனால் தலைக்குத் துண்டு தேவைப்படாது. நெல் மில் போட்டேன். கரண்ட் வாங்க ஒரு வருடம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தேன். எங்கள் ஊர் மலையாள எல்லைக்குள் விழுந்துவிட்டதால், மலையாளத்தில் நீட்டிய தாள்களில் எல்லாம் தமிழில் திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். கொழிஞ்சாம்பாறைக்கு இரண்டு பஸ் விட்டேன். கல்யாண மண்டபம் கட்டினேன். அதன் அடுப்படியில் ஒரே சமயத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு வேகும். கையெழுத்து மட்டும் இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது. அதனால் இதைப் பேத்தியிடம் சொல்லி எழுதவைக்கிறேன். அவள் அழகாக இருக்கட்டும் என்று மாற்றிய இடங்களை நான் திரும்ப மாற்றியிருக்கிறேன்.

இவ்வளவு கட்டியவன் கட்டாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. எங்கள் கரடு. ஒன்பது ஏக்கர். மேலே புல், நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தில் உசிலையும் வெப்பாலையும் வேம்புமாக அடர்ந்த மரக்கூட்டம், அதற்குக் கீழே மறுபடியும் புல். மேலே இருப்பதை மேல்காடு, கீழே இருப்பதைக் கீழ்க்காடு என்போம். ஒரு சாண் மண்ணுக்குக் கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கல் வெட்ட லாரிக்காரர்கள் எத்தனையோ முறை வந்து கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அங்கே வந்து புல்லை எண்ணுகிறார்கள், பட்டாம்பூச்சியை எண்ணுகிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். மேல்காட்டைவிடக் கீழ்க்காட்டில்தான் பூ வகை அதிகம், பூச்சி வகை அதிகம், இப்படி ஓர் இடம் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்கள். போன மாதம் என்னிடம் கேட்டுக்கொண்டு பாதை ஓரத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். 'மனிதர் கை படாமல் இயற்கையாகவே அமைந்த சுண்ணாம்புக்கல் புல்வெளி.'

கை படாமலா? அந்தக் கையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளில் நடந்தது. வருடம் துல்லியமாக நினைவில்லை. எங்கள் வீட்டுக்கு அப்போது கரண்ட் வரவில்லை, எனக்குப் பத்து வயது. என் அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். வயலும் மாடும் அப்பாவின் பொறுப்பு. வீடும் கோழியும் அம்மாவின் பொறுப்பு. கரடு அக்காவின் பொறுப்பு. யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. பஞ்சத்து வருடம் ஒன்றில் ஊர் மாடெல்லாம் காய்ந்து விழுந்தபோது எங்கள் மாடுகள் மட்டும் நின்றன. அது அவள் காத்து வைத்த புல். அன்றிலிருந்து கரட்டு விஷயத்தில் அப்பா அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படி உழாமல் மேய்ச்சலுக்கு விட்ட நிலத்தைக் கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி இருக்கும். கிளுவைக் கொம்பை வெட்டி நட்டால் போதும், அதுவே துளிர்த்து வேலியாகிவிடும். உள்ளே போக ஒரே ஒரு வழி. அதற்கு மூங்கில் படல். வைகாசி மழை விழுந்ததும் அக்கா படலைச் சாத்திக் கட்டிவிடுவாள். அதற்குப் பிறகு புல் முளைத்து, கதிர் வாங்கி, முற்றி, விதை மண்ணில் உதிரும்வரை ஒரு குட்டி ஆடுகூட உள்ளே போகக் கூடாது. ஐப்பசி பிறந்ததும் அவள் மட்டும் உள்ளே போவாள். கொழுக்கட்டைப்புல் கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பாள். பிறகு ஊதுவாள். உமி பறந்து அரிசி நின்றால் காடு முற்றிவிட்டது. பால் பிசுபிசுத்தால் இன்னும் நாள் இருக்கிறது.

திறப்பதிலும் முறை உண்டு. முதலில் செம்மறி, அவற்றின் குளம்பு உதிர்ந்த விதையை மண்ணுக்குள் மிதித்து இறக்கும். மாடு அதற்குப் பிறகுதான். வெள்ளாட்டைப் பள்ளத்து மரங்களின் ஓரத்தில் மட்டும் விடுவாள். முட்செடி துளிர்த்துப் புல்லுக்குள் இறங்கி வராமல் அது கடித்து நிறுத்தும். கௌதாரி முட்டையிட்ட இடம் கண்டால் பக்கத்தில் ஒரு குச்சியை நடுவாள். அந்தக் குச்சியைச் சுற்றிப் பத்தடிக்கு எந்தக் கால்நடையும் போகக் கூடாது. போனால் ஆட்டுக்கு அடி இல்லை, ஓட்டியவனுக்கு அடி. ஓட்டியவன் நான்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் மறையூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் குடும்பம். எங்கள் ஊரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று பஸ் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுதும் போய்விடும். அவ்வளவு தூரத்தில் ஓர் ஊர் இருக்கிறது என்பதே எனக்கு அநியாயமாகப் பட்டது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அக்காவிடம் கேட்டபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"காடு உதிந்ததும் படலைத் தொறந்து உட்டுப்போட்டுப் போறனுங்கப்பா. அதுக்கு மின்னால நாள் வெக்காதீங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சிரித்துவிட்டார். "எங்களுக்குக் கரும்பு, உங்களுக்குப் புல்லு. ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்று ஒப்புக்கொண்டார். பஞ்சாங்கத்துக்கு முன்னால் புல்லைப் பார்த்து முகூர்த்தம் வைத்த குடும்பம் எங்கள் வட்டாரத்தில் எங்கள் குடும்பம் ஒன்றுதான்.

பத்து வயதில் என் மூளை மில் எஞ்சின் போல ஓடும். இப்போதும் ஓடும், அது வேறு. நான் போட்ட கணக்கு இதுதான். காடு உதிர்ந்தால் அக்கா போவாள். காடு உதிராவிட்டால் போகமாட்டாள். கதிர் வந்தால்தானே உதிரும். கதிர் வருவதற்கு முன்பே ஆடு கடித்துவிட்டால்?

ஆவணி மாதத்தில் வேலியின் கீழ்மூலையில், பாதையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், இரண்டு கிளுவைக்கு நடுவே ஒரு சந்து கண்டுபிடித்தேன். நான் குனிந்து நுழையலாம். எனக்குப் பின்னால் செம்மறி ஒவ்வொன்றாக வரும். மத்தியானம் எல்லோரும் சோறு உண்டு கண் அசரும் நேரம்தான் என் நேரம். ஆடுகளை உள்ளே விட்டு, பள்ளத்துக்கு மேலே போய்விடாமல் மறித்து நிறுத்திக் கீழ்க்காட்டை மட்டும் மேயவிடுவேன். மேல்காட்டைத் தொட்டால் படலிலிருந்தே தெரிந்துவிடும் என்பதும் என் கணக்கில் இருந்தது. வெளியே வந்ததும் ஒரு வெள்வேல முள்ளை இழுத்துச் சந்தை மூடிவிடுவேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அந்த முள் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு கோடு கிழித்துவிட்டது. வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நான் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்; கிணற்றோரத்து இலந்தை முள் என்று சொல்வதாக இருந்தேன். அவள் கேட்கவே இல்லை. மஞ்சளைக் குழைத்துத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் சந்துக்குப் போனேன். வெள்வேல முள் அங்கே இல்லை. அதன் இடத்தில் ஒரு கட்டு ஆவாரை, பூவோடு, செருகியிருந்தது. ஆவாரையில் முள் கிடையாது. யாரோ விறகுக்கு ஒடித்தவர்கள் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், என் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். காய்ந்தால் இன்னொரு கட்டு புதிதாக இருக்கும். அதையும் அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டேன். சின்ன வயதில் எனக்கு அதிர்ஷ்டம் அதிகம்.

ஐப்பசி பிறந்தது. மேல்காடு பழுத்துப் பொன்னிறமாகி உதிரத் தொடங்கிவிட்டது. அப்பாவும் சித்தப்பாவும் காட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். மறையூருக்குத் தகவல் சொல்ல வேண்டுமே. அக்கா முன்னால் நடந்தாள், நான் கடைசியில். மேல்காட்டைப் பார்த்து அப்பா தலையாட்டினார். பள்ளத்தைத் தாண்டிக் கீழ்க்காட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். கணுக்கால் உயரத்துக்குப் பசும்புல். ஒரு கதிர் இல்லை.

"என்ன அம்மிணி, இது இப்புடிப் பச்சையாக் கெடக்குது?"

"அதுதானுங்கப்பா நானும் பாக்கறேன். இன்னும் கதிரே வாங்கலீங்க."

சித்தப்பா விவரமானவர். சும்மா விடமாட்டார். "மேல உதிந்து மண்ணுல கெடக்குது. இதுக்கு மட்டும் என்ன கேடு? ஒரே மழை, ஒரே மண்ணு."

"ஒரே மண்ணு இல்லீங்க சித்தப்பா. இங்க சுண்ணாம்பு மேலாப்புல நிக்குது. புல்லு மெதுவாத்தான் வரும்."

சித்தப்பா குனிந்து எதையோ எடுத்தார். ஆட்டுப் புழுக்கை. நேற்று மத்தியானம் போட்டது, இன்னும் காயவில்லை.

"இதென்ன அம்மிணி?"

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். விரலில் உருட்டிப் பார்த்தாள். "மொசப் புழுக்கைங்க" என்றாள்.

"மொசலா? மொசலு இத்தனை பெருசாப் போடுமா?"

"கரட்டு மொசலுங்க. அடைச்ச காட்டுப் புல்லத் தின்னு கொழுத்துக் கெடக்குது."

"அப்ப கண்ணி வெச்சுப் புடிச்சா நாலு ஊட்டுக்குக் கறி ஆகும் போல."

"வேண்டாமுங்க சித்தப்பா. அது சின்ன மொசலு."

"இது சின்ன மொசலாக்கும்? அப்பப் பெரிய மொசலு ஆனைப் பிண்டமாட்டப் போடுமாட்ட இருக்குது."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வானத்தில் பருந்து எதுவும் இல்லாதபோதும் பருந்தைப் பார்த்தேன். பாதிக் காடு உதிர்ந்தால் காடு உதிர்ந்ததாக ஆகுமா என்று அக்கா கேட்டாள். ஆகாது என்று அப்பா ஒப்புக்கொண்டார். கார்த்திகையிலாவது முடியுமா என்று பார்ப்போம், அதையும் விட்டால் மார்கழியில் கல்யாணம் கிடையாது, தையில்தான் என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

அன்று எனக்கு இரண்டு உணர்ச்சி. ஒன்று பெருமை. கிணறு, தோப்பு, மில், பஸ், மண்டபம் எல்லாம் பின்னால் வந்தவை. நான் முதன்முதலில் கட்டியது அந்த ஐப்பசி முதல் தை வரையான மூன்று மாதம். யார் துணையும் இல்லாமல், எட்டுச் செம்மறியை வைத்துக்கொண்டு கட்டினேன். இன்னொன்று அக்காமேல் பரிதாபம். கரட்டில் ஒரு புல் சாய்ந்தால் எந்த ஆடு மிதித்தது என்று சொல்பவள், பாவம், முயல் புழுக்கைக்கும் ஆட்டுப் புழுக்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கிறாளே என்று இருந்தது. கல்யாணக் கவலையில் பிள்ளைக்குக் கண் மங்கிவிட்டது என்று முடிவு செய்தேன்.

அந்த மாதங்களைப் பற்றி எப்படிச் சொல்வது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது. சாயங்காலம் அக்கா வேலியைச் சுற்றி நடப்பாள், நான் கூடவே நடப்பேன். ஆடு புக வழியிருக்கும் இடத்திலெல்லாம் முள்ளை எடுத்துத் திணிப்பாள். என் சந்து இருக்கும் கீழ்மூலை வந்தால் மட்டும் பேச்சு சுவாரசியத்தில் மறுபக்கம் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவாள். பேச்சுக் கொடுத்து அவள் கவனத்தைத் திருப்பியது நான்தான் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பாறைமேல் உட்காருவோம். மழை கழுவிய சுண்ணாம்புக்கல் பல் போல வெள்ளையாக இருக்கும். பள்ளத்து மரங்களில் மயில் ஏறும். பாறை இடுக்கில் முளைக்கும் கள்ளிமுளையான் தண்டை ஒடித்து நார் உரித்து எனக்குக் கொடுப்பாள். முதலில் கசக்கும், பிறகு புளிக்கும், தண்ணீர் குடித்தால் இனிக்கும். எனக்கு இப்போது எந்த ஓட்டலிலும் எது வேண்டுமானாலும் வாங்கித் தின்ன வசதி உண்டு. கள்ளிமுளையான் இன்றைக்கும் என் கரட்டில் முளைக்கிறது. நானே ஒடித்துத் தின்றும் பார்த்தேன். கசப்போடு நின்றுவிடுகிறது.

கார்த்திகையில் உறவில் ஒரு காதுகுத்து. சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பந்தியில் ஒரு பங்காளி எல்லோர் காதிலும் விழும்படி அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"பொண்ணு வயசுக்கு வந்து ஏழெட்டு வருசமாச்சு. உங்க ஊட்டுப் புல்லு மட்டும் இன்னும் வயசுக்கு வரலீங்களாக்கும்?"

பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இலையைப் பார்த்தார். ரசம் கொண்டு வந்தவரிடம் போதும் என்று கை காட்டிவிட்டு எழுந்தார். எதிர்வரிசையில் பெண்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்த அக்கா அதைப் பார்த்தாள். திரும்பி வரும்போது மாட்டுவண்டியில் எனக்குத் தூக்கம் வந்தது.

மறுநாள் மத்தியானம் வழக்கம் போல ஆடுகளை ஓட்டிக்கொண்டு சந்துக்குப் போனேன். ஆவாரை இல்லை. சந்தும் இல்லை. கீழே பெரிய வெள்வேல முள், அதன்மேல் இலந்தை, அதன்மேல் மறுபடியும் வெள்வேல், நடுநடுவே கிளுவைக் கொம்பு நட்டு, நார் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு ஓணான்கூட நுழைய முடியாது. இழுத்துப் பார்த்தேன். கையெல்லாம் கிழிந்ததுதான் மிச்சம்.

அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் முழுக்க அடிக்காகக் காத்திருந்தேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சித்தப்பா வந்து பேசிவிட்டுப் போனார். யாரும் அடிக்கவில்லை. அக்கா மட்டும் சோற்றைப் பிசையாமல் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டாள். உள்ளங்கை இரண்டிலும் மஞ்சள் பூசியிருந்தாள். சமையலில் சுட்டுக்கொண்டாள் போல என்று நினைத்தேன்.

ஆடு போகாததால் கீழ்க்காடு ஒரே மாதத்தில் கிடுகிடுவென்று கதிர் வாங்கிவிட்டது. புல்மேல் எனக்கு அப்படியொரு கோபம். தை மாதத்தில் கல்யாணம். கல்யாணத்தன்று வெடியால, பொழுது புலரும்போதே, எல்லோரும் பந்தலில் ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா என்னைக் கூப்பிட்டாள். தலைக்குக் குளித்துப் புதுச்சேலை கட்டியிருந்தாள். பனியில் நனைந்த கரட்டுக்கு இரண்டு பேரும் போனோம். கீழ்க்காட்டில் ஒரு கதிரை உருவி என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள்.

"ஊது கண்ணு."

ஊதினேன். உமி பறந்தது. அரிசி நின்றது. ஊதியதில் ஏதோ கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

"ஆமா, கதிரோட சுணை பட்டிருக்கும்" என்றாள். முந்தானையில் என் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அதே முந்தானையில் அவள் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் சுணை பட்டிருக்கும்.

படலை அவிழ்த்து நானே திறந்தேன். செம்மறி உள்ளே போயிற்று. அவள் ஒன்று மட்டும் சொன்னாள். "மேக்காட்ட அப்பா பாத்துக்குவாரு. கீழ்க்காட்ட நீ பாத்துக்க." பெரிய பதவி கிடைத்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மத்தியானத்துக்குமேல் அவளை உடுமலை வழியாக அழைத்துப் போய்விட்டார்கள்.

புதுப்பெண்ணுக்கு முதல் ஆடி வந்தால் பிறந்த வீடுதானே. ஆடியில் அக்கா வந்தாள். வந்ததும் கைகூடக் கழுவாமல் கரட்டுக்கு நடந்தாள், நான் பின்னால் ஓடினேன். மேல்காடு எப்போதும் போல இடுப்பளவு புல்லாக நின்றது. கீழ்க்காடு அப்படி இல்லை. போன மழையில் என் ஆடுகள் அடியோடு கடித்த இடமெல்லாம் புல் குட்டையாக, இடைவெளி விட்டு நின்றது. அந்த இடைவெளி முழுக்க விஷ்ணுகிரந்தி நீலமாகப் பூத்துக் கிடந்தது. நடுவே ஓரிதழ்த்தாமரை, ஒற்றை ஒற்றை இதழோடு. பெயர் தெரியாத வேறு ஏழெட்டுப் பூ. அதன்மேல் விரல்நகம் அளவு நீலப் பட்டாம்பூச்சிகள்; பூ எது, பூச்சி எது என்று தெரியவில்லை. உயரப் புல் மூடியிருந்த காலத்தில் இதெல்லாம் எங்கே ஒளிந்திருந்ததோ.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இதென்ன கண்ணு, கீழ்க்காடெல்லாம் இப்புடி நீலமாக் கெடக்குது?"

"எனக்கென்னக்கா தெரியும்."

"மொசலு பண்ணுன வேலையா இருக்கும்" என்றாள்.

இன்னும் முயல் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாள், தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆவணி பிறந்தால் கீழ்மூலையை அவிழ்த்துவிடுவேன். கார்த்திகையில் முள் வைத்து அடைத்துவிடுவேன். பூவுக்காகச் செய்யவில்லை. பூச்சி எண்ணுகிற பிள்ளைகள் அன்று பிறந்திருக்கவும் மாட்டார்கள். அவள் எங்கள் வீட்டில் இருந்த கடைசி வருடம் காடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று செய்தேன். கிணறு வெட்டிய வருடமும் செய்தேன். மில்லில் பெல்ட் அறுந்து கால் ஒடிந்த வருடம் கட்டிலில் படுத்துக்கொண்டே ஆளை விட்டுச் செய்ய வைத்தேன். ஐம்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிறது, ஒரு வருடம் தவறியதில்லை. அக்காவை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் அதிகம். பார்த்தபோதெல்லாம் என் பஸ்ஸைப் பற்றி, மண்டபத்தைப் பற்றி நான் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கரட்டைப் பற்றி நான் பேசியதே இல்லை. ஒரு பழைய திருட்டை எதற்குக் கிளறுவது?

போன ஆவணியில் அக்கா போய்விட்டாள்.

மறையூரில் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் வீட்டுக்குப் பின்புறம் நடந்தேன். கரும்புக்காடு முடிகிற இடத்தில், மேட்டு நிலமாக ஒரு துண்டு. சுற்றிலும் கிளுவை வேலி. அந்தப் பக்கத்தில் யாரும் கிளுவை வைத்து நான் பார்த்ததில்லை. உள்ளே எங்கள் ஊர்க் கொழுக்கட்டைப்புல். வேலியின் கீழ்மூலைக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. பத்து வயதுப் பையன் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதில் செருகிய ஒரு கட்டு ஆவாரை, பாதி வாடியிருந்தது.

அக்காவின் மகள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா வருசா வருசம் ஆவணில அந்த மூலைய அவுத்து உட்ருவாங்க மாமா. எங்க யாரையும் தொட உட மாட்டாங்க. கார்த்திகைல அவங்களே கைய கிழிச்சுக்கிட்டு முள்ளு வெச்சு அடைப்பாங்க. எதுக்கும்மான்னு கேட்டா, ஒரு மொசலு வந்து போகும்னுவாங்க. நாங்க ஒருத்தரும் அந்த மொசல ஒரு நாளும் பாத்ததில்ல."

நான் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுணை பட்டது என்று சொல்வதற்கு அங்கே கதிர்கூட இல்லை.

அவளைப் போகவிடாமல் நான் ஒருவன்தான் இழுத்துப் பிடிக்கிறேன் என்று அந்தப் பத்து வயதுப் பையன் நினைத்துக்கொண்டிருந்தான். வேலிக்கு உள்ளிருந்து இன்னொருத்தி அதே சந்தைத் திறந்து பிடித்திருந்தது அவனுக்குத் தெரியாது. முள்ளை எடுத்து ஆவாரை வைத்தவள் யார், ஒரு நாள் ஆவாரையை எடுத்து முள் வைத்தவள் யார், அன்று அவள் ஏன் கரண்டியால் சாப்பிட்டாள் என்பதெல்லாம் தெரிய அவனுக்கு மறையூர் வரைக்கும் வர வேண்டியிருந்தது. வந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை.

ஆகவே, போர்டு வைத்த பிள்ளைகளே, நான் இருக்கும்போதே அதை மாற்றுங்கள். 'மனிதர் கை படாமல்' என்பதை அடியுங்கள். கை பட்டிருக்கிறது. கீழ்க்காட்டில் பூத்திருப்பது ஐப்பசிக்கும் தைக்கும் நடுவே இரண்டு பேர் சேர்ந்து திருடிய மூன்று மாதம். சந்தைத் திறந்தது நான். என் பங்கை எழுதுங்கள், விடமாட்டேன். அடைத்தது என் அக்கா, அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பெயர்கள் எழுத இடம் போதாது, தகரம் சின்னது என்று சொல்வீர்களானால், என் பெயருக்குப் பதிலாக 'ஒரு கரட்டு முயல்' என்று போடுங்கள். வழியில் போகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த முயல் யாரென்று அவளுக்குத் தெரியும்.